ஹைதராபாத்தில் கிழக்கு ஆப்பிரிக்கச் சாப்பாடு: என்ன கிடைக்கும், எப்படிச் சாப்பிடணும், எதைப் பேசாமல் இருக்கணும்?

ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் தமிழர் என்றால், பிரியாணி, ஹலீம், மந்தி என்ற மூன்று கட்டத்தையும் இந்நேரம் தாண்டியிருப்பீர்கள். அடுத்து என்ன என்று தேடுபவர்களுக்கான பதில், கச்சிபௌலியிலிருந்து மெஹதிப்பட்டணம் போகும் சாலையிலேயே இருக்கிறது: டோலிசௌக்கி. அங்குள்ள பாரமவுண்ட் காலனியிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் சோமாலியா, சூடான், கென்யா எனப் பல ஆப்பிரிக்க நாட்டு மாணவர்கள் வாடகைக்குத் தங்கியிருக்கிறார்கள். அவர்களின் பசிக்காக உருவானவைதான் இந்தப் பகுதியின் சின்னச் சின்ன ஆப்பிரிக்கச் சாப்பாட்டுக் கடைகள்.

ஆட்டுக்கறிச் சோற்றுக்குப் பக்கத்தில் முழு வாழைப்பழம், ஆப்பம் போலவே ஓட்டை ஓட்டையாக ஒரு ரொட்டி, ஏலக்காய் மணக்கும் டீ. முதல் முறை போகிறவர்களுக்கு எதை ஆர்டர் செய்வது, எப்படிச் சாப்பிடுவது, சைவம் கிடைக்குமா என்று நிறைய கேள்விகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'கிழக்கு ஆப்பிரிக்கா' என்றால் எந்தெந்த நாடுகள்?

பொதுவாக எத்தியோப்பியா, எரித்ரியா, சோமாலியா, ஜிபூட்டி, கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி ஆகியவற்றைச் சொல்வார்கள். சூடானையும் தெற்கு சூடானையும் சிலர் இதில் சேர்ப்பார்கள், சிலர் வடகிழக்கு என்பார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை சூடானையும் சேர்த்தே பார்ப்பது வசதி.

ஆனால் 'ஆப்பிரிக்கச் சாப்பாடு' என்று ஒன்று கிடையாது. தோசையையும் மோமோவையும் ஒரே பெயரில் அழைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அது போலத்தான். எத்தியோப்பியர் புளித்த மாவு ரொட்டியில் சாப்பிடுவார், சோமாலியர் மசாலாச் சோறு சாப்பிடுவார், கென்யர் சோளமாவுக் களி சாப்பிடுவார். எனவே கடைக்குள் போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது எந்த நாட்டுச் சாப்பாடு?" என்பதுதான். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இவர்கள் ஹைதராபாத்துக்கு எப்படி வந்தார்கள்?

இன்று வருபவர்களில் பெரும்பாலானோர் மாணவர்கள். உஸ்மானியா பல்கலைக்கழகம், ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், தனியார் கல்லூரிகள் எனப் பல இடங்களில் படிக்கிறார்கள். மருத்துவ சிகிச்சைக்காகக் குடும்பத்துடன் வந்து தங்குபவர்களும் உண்டு.

ஆனால் இந்த உறவு இன்று நேற்று தொடங்கியதில்லை. மெட்ரோவில் போகும்போது 'ஹப்சிகுடா' என்ற நிலையத்தைத் தாண்டியிருப்பீர்கள். ஹப்ஷி என்பது எத்தியோப்பியப் பகுதியிலிருந்து வந்தவர்களைக் குறித்த பழைய சொல். ஊர்ப் பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். மாசாப் டேங்க் அருகே 'ஏ.சி. கார்ட்ஸ்' என்று ஓர் இடம் உண்டு. அந்த ஏ.சி.க்கும் குளிர்சாதனத்துக்கும் சம்பந்தமே இல்லை. 'ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ்', அதாவது நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர்கள் குடியிருந்த பகுதி அது. 1948ல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு படை கலைந்தது. ஆனால் அந்தக் காவலர்களின் வம்சாவளியினரான சித்திகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஹைதராபாத் கல்யாணங்களில் கேட்கும் 'மர்ஃபா' தாளத்தை வளர்த்தவர்களில் இவர்களும் உண்டு.

இன்னும் பின்னால் போனால், தக்காணத்தின் புகழ்பெற்ற தளபதி மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, அகமதுநகர் சுல்தானகத்தை நடத்தும் அளவுக்கு உயர்ந்து, முகலாயப் படைகளைப் பல ஆண்டுகள் தடுத்து நிறுத்தியவர். 1626ல் இறந்தார். பின்னாளில் ஔரங்காபாத் ஆன நகரத்துக்கு அடித்தளம் போட்டவரும் அவரே.

அப்போ பார்க்காஸ் மந்தி?

இங்கேதான் பலர் குழம்புவார்கள். பழைய நகரத்தின் தெற்கே உள்ள பார்க்காஸ், ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து நிஜாம் படைக்கு வந்த அரபுகளின் குடியிருப்பு. 'பாரக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்தான் 'பார்க்காஸ்' ஆனது. மந்தி அவர்களின் ஊர்ச் சாப்பாடு. அது ஆப்பிரிக்க உணவு அல்ல.

ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். ஏமனுக்கும் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக்கும் நடுவே உள்ள பாப் அல்-மண்டப் நீரிணையின் அகலம் குறுகலான இடத்தில் 30 கிலோமீட்டருக்குப் பக்கம்தான். அதனால்தான் சோமாலியச் சோறும் ஏமன் மந்தியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மந்தி பிடிக்கும் என்றால், சோமாலியச் சாப்பாட்டுக்குள் நுழைய உங்களுக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது.

மெனுவில் என்னென்ன இருக்கும்?

எல்லாக் கடையிலும் எல்லாமும் இருக்காது. நாடு வாரியாகத் தெரிந்துகொண்டால் ஆர்டர் செய்வது சுலபம்.

சோமாலியா: 'பரீஸ்' என்றால் சோறு, 'ஹிலிப்' என்றால் இறைச்சி. சீரகம், மல்லி, ஏலக்காய், மிளகு, மஞ்சள் எல்லாம் சேர்ந்த 'ஹவாஷ்' மசாலாவில் சோறு வேகும். மேலே நன்றாக வெந்த ஆட்டுக்கறி. பக்கத்தில் வரும் வாழைப்பழத்தைக் கடைசியில் சாப்பிட எடுத்து வைத்துவிடாதீர்கள். ஒரு வாய் சோறு, ஒரு கடி பழம் என்று சேர்த்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். 'பஸ்பாஸ்' என்பது காரச் சட்னி. 'சுகார்' என்றால் சின்னத் துண்டுகளாக வதக்கிய கறி. 'பாஸ்தோ' என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அது பாஸ்தாவேதான். தெற்கு சோமாலியாவை இத்தாலி ஆண்ட காலத்தின் மிச்சம்.

காலையில் போனால் 'அஞ்சேரோ' கேளுங்கள். புளித்த மாவில் ஒரு பக்கம் மட்டும் சுட்ட, மேலே துளைத் துளையாக இருக்கும் ரொட்டி. இதை சோமாலியர்கள் நல்லெண்ணெயும் சர்க்கரையும் தொட்டு, 'ஷா' என்ற மசாலா டீயோடு சாப்பிடுவார்கள். தோசைக்கு நல்லெண்ணெய் ஊற்றி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

எத்தியோப்பியா, எரித்ரியா: இங்கே ராஜா 'இன்ஜெரா'. டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்து, பெரிய வட்டமான கல்லில் ஒரு பக்கம் மட்டும் சுடுவார்கள். மேலே வரும் துளைகளை அவர்கள் 'கண்' என்றே அழைப்பார்கள். டெஃப் சுலபமாகக் கிடைக்காத வெளிநாடுகளில் வேறு மாவுகளைக் கலந்து செய்வது வழக்கம். இன்ஜெராதான் தட்டு, அதுதான் ரொட்டி, அதுதான் ஸ்பூன். அதன் மேலேயே குழம்புகளைக் குவித்து வைப்பார்கள். குழம்புக்குப் பெயர் 'வாட்'. 'டோரோ வாட்' என்றால் கோழிக்குழம்பு. வெங்காயத்தை நிதானமாக, நீண்ட நேரம் வதக்கி, 'பெர்பெரே' என்ற மிளகாய் மசாலா சேர்த்து, அவித்த முட்டையும் போட்டுச் செய்வது. காரம் நமக்குச் சரியாக இருக்கும். கடைசியில் 'புன்னா', அதாவது காபி. முறைப்படி செய்தால் பச்சைக் கொட்டையை உங்கள் முன்னாலேயே வறுத்து, மண் கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றுவார்கள். அவசரமாக இருந்தால் இதைக் கேட்காதீர்கள்.

சூடான்: 'ஃபுல்' என்பது மொச்சை வகைப் பயறை மெதுவாக வேகவைத்து மசித்து, எண்ணெய், சீரகம், வெங்காயம் சேர்த்து ரொட்டியோடு தருவது. 'தமியா' என்பது அங்கத்திய ஃபலாஃபெல், நம் பருப்பு வடைக்குப் பக்கத்துச் சொந்தம். 'சலாதா அஸ்வத்' என்பது கத்திரிக்காயும் வேர்க்கடலை விழுதும் சேர்ந்தது. 'கிஸ்ரா' என்பது புளித்த சோளமாவில் பேப்பர் ரோஸ்ட் அளவுக்கு மெல்லியதாக வார்ப்பது.

கென்யா, தான்சானியா, உகாண்டா: 'உகாலி' என்றால் களி. மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிண்டி, உருண்டையாகப் பிடித்து, நடுவில் குழி செய்து, குழம்பில் தொட்டுச் சாப்பிடுவது. தொட்டுக்கொள்ள 'சுகுமா விக்கி' என்ற கீரைப் பொரியல். அந்தப் பெயருக்கு 'வாரத்தை ஓட்டு' என்று அர்த்தம். மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது வாரத்தைத் தள்ளிவிடும் கீரை! 'ந்யாமா சோமா' என்றால் சுட்ட இறைச்சி. 'கச்சும்பாரி' என்றால் வெங்காயமும் தக்காளியும் நறுக்கிய சாலட்.

இந்தச் சாப்பாடு ஏன் இவ்வளவு தெரிந்த மாதிரி இருக்கிறது?

சும்மா ஒரு ஒற்றுமை இல்லை இது. நம் சமையலறையிலேயே கிழக்கு ஆப்பிரிக்கா இருக்கிறது.

கேழ்வரகு முதலில் பயிரானது எத்தியோப்பியா, உகாண்டா பகுதி மேட்டுநிலங்களில். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அது இந்தியாவுக்கு வந்தது. நாம் குடிக்கும் கேழ்வரகுக் கூழுக்குக் கென்யாவில் 'உஜி' என்று பெயர். சோளத்தின் பிறப்பிடம் சூடான் பக்கம். தட்டைப்பயறும் ஆப்பிரிக்கப் பயிர்தான். 'இந்தியப் பேரீச்சை' என்று அரபியில் பெயர் வாங்கிய புளியமரத்துக்குக்கூடத் தாய்வீடு ஆப்பிரிக்கா. காலையில் டிகிரி காபி குடிக்கும்போது எத்தியோப்பியாவைத்தான் குடிக்கிறீர்கள்.

இதில் ஹைதராபாத்துக்கு ஒரு தனி இடமும் உண்டு. நகரத்தை ஒட்டிய படான்செருவில் 1972ல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம், சோளம், கம்பு, கேழ்வரகு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகிய பயிர்களில் வேலை செய்கிறது. வறண்ட நிலத்து விவசாயிதான் அதன் கவனம். அந்த விவசாயி தெலங்கானாவிலும் இருக்கிறார், கென்யாவிலும் இருக்கிறார். நைரோபியிலும் அதற்கு ஓர் அலுவலகம் உண்டு.

எதிர்த் திசையிலும் பயணம் நடந்தது. 1896 முதல் 1901 வரை பிரிட்டிஷார் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட்டபோது, இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் குஜராத்தி வணிகர்கள் போனார்கள். அதனால்தான் இன்று சப்பாத்தி கென்யாவின் விசேஷச் சாப்பாடு, சமோசா அங்கே 'சம்புசா', டீ அங்கேயும் 'சாய்'. உகாண்டாவில் சப்பாத்திக்குள் ஆம்லெட்டைச் சுருட்டித் தருவதற்கு 'ரோலெக்ஸ்' என்று பெயர். வாட்ச் இல்லை, 'ரோல்ட் எக்ஸ்'.

சைவம் சாப்பிடறவங்க போகலாமா?

போகலாம், ஆனால் நாட்டைப் பார்த்துப் போகணும்.

எத்தியோப்பிய உணவு சைவக்காரர்களுக்கு வரம். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி, நோன்புக் காலங்கள் என்று ஆண்டில் ஏறத்தாழ பாதி நாட்கள் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அந்த நாட்களுக்கான 'பெயாய்னெத்து' தட்டில் பருப்பு, கொண்டைக்கடலை மாவுக் குழம்பான 'ஷிரோ', கீரை, முட்டைகோஸ் எல்லாம் வரும். நெய்கூட இருக்காது. "ஃபாஸ்டிங் ஃபுட் இருக்கா?" என்று கேட்டாலே போதும்.

சூடானியக் கடையில் ஃபுல், தமியா, கத்திரிக்காய் சாலட் என்று வயிறு நிறையும். ஃபுல்லின் மேல் சில இடங்களில் முட்டையோ சீஸோ வைப்பார்கள், சொல்லித் தவிர்க்கலாம்.

சோமாலியக் கடைதான் கொஞ்சம் கஷ்டம். கறித் துண்டை எடுத்துவிட்டால் சோறு சைவமாகிவிடாது, பெரும்பாலும் கறி வேகவைத்த தண்ணீரிலேயே சோறு வேகும். எனவே "சோறு எதில் வெந்தது?" என்று கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை, எள் ஒவ்வாமை இருப்பவர்களும் மறக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அசைவத்திலும் எந்த இறைச்சி வேண்டாம் என்பதை ஆர்டர் செய்யும்போதே தெளிவாகச் சொல்லலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எப்படிச் சாப்பிடணும்?

கையால்தான், வலது கையால். இந்த விஷயத்தில் நமக்குப் பயிற்சியே தேவையில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது சில வழக்கங்கள் மட்டும்.

ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது இந்தப் பகுதியெங்கும் சகஜம். அப்படி அமர்ந்தால் உங்கள் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். எதிரில் இருப்பவரின் கறித்துண்டுக்குக் கை நீட்டுவது அழகில்லை.

இன்ஜெராவைப் பிய்த்து, அதனாலேயே குழம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். விரல் குழம்பில் நேராகப் படாமல் சாப்பிடுவது திறமை. அடியில் குழம்பு ஊறிக் கிடக்கும் துண்டுதான் கடைசியில் போட்டிக்கு உள்ளாவது. எத்தியோப்பிய நண்பர் ஒரு கவளத்தை உருட்டி உங்கள் வாயருகே கொண்டுவந்தால் பதறாதீர்கள். அதற்கு 'குர்ஷா' என்று பெயர். அன்பையும் மரியாதையையும் காட்டும் செயல். அம்மா ஊட்டிவிட்ட உருண்டைச் சோற்றை நினைத்துக்கொண்டு வாயைத் திறங்கள்.

போகும் முன் எதைக் கவனிக்கணும்?

இவை பெரும்பாலும் சிறிய கடைகள். கல்லூரி சீசன், வாடகை, உரிமையாளரின் விசா என்று பல காரணங்களால் இடம் மாறலாம், மூடலாம். மேப்பில் பார்க்கும்போது ஸ்டார் எண்ணிக்கையை விட, கடைசி ரிவியூ எப்போது வந்தது என்பதைப் பாருங்கள். ஒரு போன் போட்டுவிட்டுப் போவது நல்லது.

பல கடைகளை நடத்துபவர்கள் முஸ்லிம்கள். ரம்ஜான் மாதத்தில் பகலில் மூடியிருக்கும், இப்தாருக்குப் பிறகு களைகட்டும். வெள்ளி மதியத் தொழுகை நேரத்தையும் தவிர்க்கலாம். மற்ற எந்த உணவகத்தையும் போலவே உணவுப் பாதுகாப்பு உரிம எண் சுவரில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஒரு தட்டு சோறு இரண்டு பேருக்குக் காணும் அளவுக்கு வரலாம். "எத்தனை பேர் சாப்பிடலாம்?" என்று கேட்டு ஆர்டர் செய்யுங்கள்.

எதைப் பேசாமல் இருக்கணும்?

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான்.

ஒல்லியாக இருப்பவரை "என்னடா, சோமாலியாவிலிருந்து வந்த மாதிரி இருக்க" என்று கிண்டல் செய்து நாம் பழகியிருக்கிறோம். அதே சோமாலியாவிலிருந்து வந்தவர் சமைத்த சோற்றைச் சாப்பிடும்போதுதான் அந்தக் கிண்டல் எவ்வளவு அசிங்கமானது என்று உறைக்கும். பஞ்சத்தைப் பற்றிய ஜோக், தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது, கேட்காமல் போட்டோ, வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவது, இந்தியில் 'ஹப்ஷி' என்று கேலியாகச் சொல்வது, எதுவும் வேண்டாம். அவர்களில் பலருக்கு இந்தியும் ஓரளவு புரியும்.

இது வெறும் நாகரிகம் பற்றிய அறிவுரை இல்லை. 2016 மே மாதம் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் பார்க்கிங் தகராறில் ஒரு நைஜீரிய மாணவர் தாக்கப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவர் காணாமல் போனபோது, பக்கத்து வீட்டு ஆப்பிரிக்கர்கள் அவரைத் தின்றுவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. மாணவர் இறந்த பிறகு, சம்பந்தமே இல்லாத ஆப்பிரிக்க மாணவர்கள் பொது இடங்களில் அடிக்கப்பட்டார்கள். ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாத இடத்தில், எதை வேண்டுமானாலும் நம்ப ஆட்கள் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் தெலங்கானாவின் முதல் ஒமிக்ரான் தொற்றுகள் டோலிசௌக்கியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பயணிகளிடம் கண்டறியப்பட்டபோது பாரமவுண்ட் காலனி தேசியச் செய்தியானது. அங்கே கிடைக்கும் சாப்பாடு அந்த அளவுக்கு யார் காதுக்கும் எட்டவில்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஊரை விட்டு வந்த முதல் மாதத்தில், தயிர் சாதமும் ரசமும் கிடைக்கும் தமிழ் மெஸ் ஒன்றைத் தேடி நீங்கள் ஹைதராபாத் முழுக்க அலைந்திருப்பீர்கள். அங்கே பக்கத்து டேபிளில் தமிழ் காதில் விழுந்தபோது வந்த நிம்மதி நினைவிருக்கும். டோலிசௌக்கியின் இந்தக் கடைகள் அவர்களுக்கு அதுவே. வித்தியாசம் ஒன்றுதான்: உங்களுக்கு வெள்ளி இரவு ரயிலோ பஸ்ஸோ இருக்கிறது. 2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்த பிறகு, அங்கிருந்து வந்த மாணவருக்கு அப்படி ஒரு டிக்கெட் போடுவது சுலபமில்லை. அவருக்கு ஒரு கிண்ணம் ஃபுல் என்பது வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் பொருள்.

எனவே விருந்தாளியாகப் போங்கள். எழுந்து வரும்போது சோமாலியக் கடை என்றால் 'மஹத்சனித்', சூடானியக் கடை என்றால் 'ஷுக்ரன்', கென்ய, தான்சானியக் கடை என்றால் 'அசாந்தே' என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் அர்த்தம் நன்றிதான்.

முதல் முறைக்கு எதை ஆர்டர் செய்யலாம்?

இரண்டு பேர் போகிறீர்கள் என்றால்:

சோமாலியக் கடையில்: ஆட்டுக்கறியோடு ஒரு பரீஸ், ஒரு சம்பூஸ், பஸ்பாஸ் சட்னி தனியாக, கடைசியில் இரண்டு ஷா. வாழைப்பழத்தை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

சூடானியக் கடையில்: ஒரு ஃபுல், ஒரு தட்டு தமியா, கத்திரிக்காய் சாலட், ரொட்டி. முழுக்கச் சைவம்.

எத்தியோப்பியக் கடை கண்ணில் பட்டால்: சைவமோ அசைவமோ, ஒரே தட்டில் கலந்து வரும் காம்போ. இன்ஜெராவின் புளிப்பு முதல் வாயில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். மூன்று நாள் புளித்த மாவில் தோசை வார்த்துச் சாப்பிட்டவர்கள் நாம். மூன்றாவது வாயில் பழகிவிடும்.